ஊர் சுற்ற வந்தவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 'நம் வரிப்பணத்தில் வெளிநாட்டு அதிகாரிகள் ஊர் சுற்றிவிட்டுப் போகிறார்கள்' என்று ஒரு வரி. அவர்களை இங்கே வரவழைத்துப் பயிற்சி தரும் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம், அதாவது ஐடெக், 1964 செப்டம்பரில் தொடங்கியது. கட்டுரையாளருக்கு அது 1994. முப்பது ஆண்டுகள்தானே, போகட்டும்!

சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் இந்த வகுப்புகளை எடுத்தவன் நான். விமானக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவுக்குப் படி எல்லாம் இந்திய அரசுதான் தருகிறது. யாரும் அதை மறைக்கவில்லை. ஒருமுறை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனோம். மலாவியிலிருந்து வந்திருந்த நிதித்துறை அம்மையார் தராசையும் பில் போடும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'எடை குறைந்தால் யாரிடம் சொல்வார்கள்?' என்றார். கடைக்காரர் சுவரில் எழுதியிருந்த புகார் எண்ணைக் காட்டினார். 'கூப்பிட்டால் எடுப்பார்களா?' என்று அடுத்த கேள்வி. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஊர் சுற்ற வந்தவர் கேட்கிற கேள்வியா இது?

நம் அதிகாரிகள் சிங்கப்பூர் போனால் மட்டும் தங்களுக்கு அது 'கல்விப் பயணம்', படத்துடன் செய்தி. அந்தச் சிங்கப்பூரும் 1992 முதல் பிற நாட்டு அதிகாரிகளை வரவழைத்துப் பயிற்சி தருகிறது. தில்லியில் நம் வெளியுறவுப் பயிற்சிக் கழகத்தில் அயல்நாட்டுத் தூதரக அதிகாரிகள் படிக்கிறார்கள். நாளை ஐ.நா. வாக்கெடுப்பில் நமக்கு அவர்கள் தயவு வேண்டியிருக்கும். இதெல்லாம் ஆசிரியர் அறியாததா?

எழுத வேண்டிய குறைகள் எத்தனையோ இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து வகுப்பெடுப்பவர்களுக்கு மதிப்பூதியம் மாதக்கணக்கில் வராது. கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள். சான்றிதழில் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சிட்டதால், விமானம் ஏற வேண்டிய நாளில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் பெட்டியோடு எங்கள் அலுவலக வாசலில் நின்றார். ஊர் திரும்பியவர்கள் கற்றதை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுத இங்கே ஆளில்லை.

இவற்றையாவது எழுதுங்கள் என்று தங்கள் நிருபர்களை அழைத்துப் பார்த்தோம். நிறைவு விழா அழைப்பிதழ்களும் தவறாமல் அனுப்பினோம். நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு அரைப் பக்கம் கிடைத்தது; எங்களுக்கு இரண்டு வரி கிடைத்ததில்லை. இப்போதுதான் கிடைத்திருக்கிறது, இப்படி!

தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அந்த ஆண்டை மட்டும் திருத்தி வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர்,
வேளச்சேரி, சென்னை