மூலையில் கிடந்த மந்திரி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆனந்தின் உலக செஸ் பட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாக அவர் பல்கேரியத் தலைநகர் சோஃபியா போய்ச் சேர்ந்த கதைக்கு அரைப் பக்கம். பட்டத்தை முடிவு செய்த கடைசி, 12வது ஆட்டத்துக்கோ ஒரே வரி: எதிராளி, பல்கேரியாவின் டோபலோவ் தவறு செய்தார், ஆனந்த் ஜெயித்தார். தவறு செய்தார், சரி. அந்தத் தவறு சும்மா வந்துவிடவில்லையே!

மே 11 அன்று இருவரும் புள்ளிகளில் ஐந்தரைக்கு ஐந்தரை. ஆனந்துக்குக் கறுப்பு. டிரா ஆகிவிட்டால், குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டங்கள். அதில் ஆனந்தின் வேகம் ஊரறிந்தது. டோபலோவ் அன்றைக்கே முடித்துவிடத் துடிப்பார் என்பதும் தெரிந்ததுதான். முதல் ஆட்டத்தில் குருன்ஃபெல்டு என்ற ஓபனிங்கை (தொடக்க நகர்த்தல் முறையை) ஆடி 30 நகர்த்தலில் தோற்றிருந்த ஆனந்த், இந்த முறை எடுத்தது லாஸ்கர் டிஃபன்ஸ். 27 வருடம் பட்டத்தைக் கையில் வைத்திருந்த லாஸ்கரின் பெயரில் உள்ள, தாத்தா காலத்து ஓபனிங். 7வது நகர்த்தலில் கறுப்புக் குதிரை பலகையின் நடுவே இ4 கட்டத்துக்குப் பாயும். ஆளுக்கொரு மந்திரியும் (பிஷப்) குதிரையும் வெட்டுப்பட, கறுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். தாக்கியே பழகிய டோபலோவுக்கு அங்கே தாக்க என்ன இருந்தது?

எனக்குப் பிடித்தது ஆனந்தின் மிச்ச மந்திரி, வெள்ளைக் கட்டங்களில் மட்டும் நகரும் அந்த மந்திரிதான். பி7, ஏ6, டி3, திரும்ப ஏ6, திரும்ப பி7 என்று போக்கிடம் இல்லாதவன் மாதிரி சுற்றி, 28வது நகர்த்தலில் ஏ8 மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. 31வதில் ஆனந்த் சிப்பாயை இ4க்குத் தள்ளினார். டோபலோவ் அதை வெட்டினார். அவ்வளவுதான், மூலைவிட்டம் திறந்துகொண்டது. கறுப்பு ராணி இ4இல் வெட்டிச் செக் வைக்க, பின்னால் ஏ8இல் அதே மந்திரி! வெள்ளை ராஜா எச்3, அப்புறம் எச்4 என்று நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்.

கிரிக்கெட்டுக்கு ஸ்கோர்கார்டு போடுகிறீர்கள். செஸ் கட்டுரைக்கு ஓபனிங்கின் பெயரும் நகர்த்தல்களும் போட ஒரு ஓரம் கிடைக்காதா? 31வது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையை அடுத்த இதழில் ஒரு சின்னப் படமாகப் போடுங்கள். வீட்டில் பலகையும் காய்களும் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்