"பெருசுக்குப் போடா"ன்னு சொன்ன அண்ணன்மாருக்கு

ஞாயித்துக்கிழமை விடிகாலைல ஓசூர் பக்கம் காலி லேஅவுட்ல கார் டிக்கிய தொறந்து வெச்சுக்கிட்டு 600, 700ன்னு பெரிய சைஸ் ஆர்சி (கைல ரேடியோ வெச்சு ஓட்டுற) ஹெலிகாப்டர் பறக்க விடற அண்ணனுங்க எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துல செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கறவன் எழுதறேன். நாலஞ்சு தடவ பைக்ல வந்து ஓரமா நின்னு பாத்துட்டுப் போனவன்தான், மூஞ்ச பாத்தா ஞாபகம் வரும்.

நான் ஆரம்பிச்சது வி911ங்கற குட்டி ஹெலில, அது ஃபிக்ஸ்டு பிட்ச், ப்ளேடு கோணம் மாறாது, மோட்டார் வேகமா சுத்துனா ஏறும் கொறைஞ்சா எறங்கும், அவ்ளோதான் கணக்கு. அப்புறம் கே110, அதுவும் குட்டிதான். மாங்கா சீசன் முடிஞ்சா மண்டி ஷெட்டெல்லாம் காலியாத்தான கெடக்கும், தெரிஞ்சவர் மண்டில ராத்திரி கடை சாத்திட்டுப் போய் வாலு என்னப் பாத்தாப்ல வெச்சு ஹோவர், அதாவது அந்தரத்துல ஒரே எடத்துல நிறுத்தறது, பண்ணிப் பண்ணி, ஆறு மாசத்துல சைடு வாக்குலயும் நிறுத்தக் கத்துக்கிட்டேன். மூக்கு என்னப் பாத்தா மட்டும் இன்னிக்கும் கை ஒதறும், ஏன்னா இடது வலது மாறிப்போயிடுது. ஷெட்டுக்குள்ள எல்லாம் ஓகே, ஆடி மாசம் ஒரு சாயங்காலம் வெளிய எடுத்தேன் பாருங்க, அது மொத்தமே ஒரு கோழிமுட்டை வெயிட்டு, காத்து அப்படியே அள்ளிட்டுப் போய் பக்கத்துத் தோப்புல போட்டுடுச்சு, ரெண்டு நாள் தேடுனேன்.

இத உங்ககிட்ட வந்து சொன்னப்போ நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னது, "சின்னது அப்படித்தான்டா ஆடும், பெருசுக்குப் போ, அது தானா நிக்கும்". பொய் இல்லண்ணா, நூத்துக்கு நூறு உண்மை. வெயிட்டு ஜாஸ்தி, சுத்துற வட்டம் பெருசு, சின்னக் காத்தெல்லாம் சட்டை பண்ணாது, ரேடியோ குச்சிய லேசா தொட்டா துள்ளாம நிதானமா திரும்பும், தூரம் போனாலும் மூக்கு எது வாலு எதுன்னு கண்ணுக்குத் தெரியும். ஆனா நீங்க சொன்னது பாதிதான், மீதிப் பாதிய நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன், அதுக்குத்தான் இந்த மடல்.

பெங்களூருல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல நடுத்தர சைஸ் 450 ஹெலி ஒண்ணு வாங்குனேன், 325 மில்லிமீட்டர் ப்ளேடு, மூணு செல் 2200 பேட்டரி. பஸ்ல மடில வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன், கைக்கொழந்த மாதிரி. ரேடியோ சிக்னல வாங்குற ரிசீவர் மட்டும் அதுல இல்ல, என் ரேடியோவுக்குத் தக்கபடி நானே போட்டேன். கடைல தெனமும் போர்டு பிரிச்சு மாட்டுறவன்தான, இதுல என்ன இருக்குதுன்னு ஒரு திமிரு.

மறுநாள் காலைல ஏரிக்குள்ள, தண்ணி வத்துன பக்கம், தனியாத்தான் போனேன். வேடிக்க பாக்க ஆடு மேய்க்கற பையன் ஒருத்தன். பேட்டரி சொருகி, பத்தடி தள்ளி நின்னு, மெதுவா த்ராட்டில் ஏத்துனேன். கால் மாதிரி இருக்கற ஸ்கிட் லேசா தரைய விட்டதுதான் தாமதம், பம்பரம் மாதிரி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. நான் வால திருப்புற ரட்டர எதிர்ப்பக்கம் குடுக்கறேன், அது இன்னும் வேகமா சுத்துது. பயந்துபோய் குச்சிய ஒரே இழுப்பா கீழ இழுத்தேன், இது கலெக்டிவ் பிட்ச்சு, அதாவது குச்சி ப்ளேடு கோணத்தையும் மாத்தும், கீழ இழுத்தா சுத்து ஒடனே நிக்காது, ப்ளேடு கோணம் மைனஸ்ல போய் தரையப் பாத்து அமுக்கும்ங்கறது தலைல இருந்துச்சு, கைல இல்ல. படார்னு சாஞ்சுது. ப்ளேடு ரெண்டும் தும்பு தும்பா, வால் குழாய் பூம் வளைஞ்சுபோச்சு, மெயின் கியர்ல பாதிப் பல்லு காணோம், ப்ளேடு ரெண்டயும் தாங்குற ஃபெதரிங் ஷாஃப்ட உருட்டிப் பாத்தா நொண்டி அடிக்குது. ப்ளேடுல ஒடஞ்ச ஒரு துண்டு அந்தப் பையன் நின்ன எடத்துக்கு நாலடி பக்கத்துல மண்ணுல குத்திக்கிட்டு நின்னுது. அவன் சிரிச்சான். எனக்கு சாயங்காலம் வரைக்கும் சோறு எறங்கல.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். ப்ளேடு நுனிலருந்து நுனிக்கு ஏறக்குறைய 71 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு 2800 சுத்துன்னு வெச்சாக்கூட நுனி போற வேகம் மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல வருது. இது 450. நீங்க ஓட்டுற 700 எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். 2013ல நியூயார்க்குல ஒரு பார்க்குல 19 வயசுப் பையன் அவன் ஓட்டுன ஹெலி அவன் தலைலயே பட்டு எறந்துபோனான், அவன் புதுசா ஓட்ட வந்தவன்கூட இல்ல.

அப்புறம்தான் தப்பு என்னன்னு தெரிஞ்சுது, வால தானா நேரா வெச்சுக்கற கைரோ ரிவர்ஸ்ல இருந்துருக்கு. ப்ளேட கழட்டிட்டு, மோட்டார் வயரு மூணுல ரெண்ட உருவிட்டு, ஹெலிய கைல புடிச்சு வால ஒரு பக்கம் திருப்பிப் பாத்திருந்தா போதும், வால் ப்ளேடு கோணம் அத பழைய எடத்துக்கு இழுக்கற மாதிரி நகரணும், என்னது கூடச் சேந்து தள்ளுச்சு. பாக்கறதுக்கு அர நிமிஷம் ஆகும். இந்த அர நிமிஷத்த எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல, ரெண்டும் உண்மை. மோட்டார ஒரே தட்டுல நிறுத்துற த்ராட்டில் ஹோல்டு சுவிட்சும் அப்படித்தான், ரேடியோல அது இருக்குன்னு தெரியும், ஆனா மொதல்ல விரல் அதுமேல போகப் பழகணும்னு தெரியாது. இப்போ டிவி ரிமோட்ட எடுத்தாக்கூட ஆள்காட்டி விரல் மூலைய தேடுது, வீட்டுல சிரிக்கறாங்க.

இன்னொன்னும் இருக்கு. ரொம்பச் சின்ன வகை, நானோங்கறது 250 கிராம் வரைக்கும்தான்னு 2021 ட்ரோன் ரூல்ஸ் சொல்லுது, 450 வாங்குன அன்னிக்கே அந்தக் கோட்டத் தாண்டிடறோம். ஓசூருக்குப் பக்கத்துலயே பேலகொண்டப்பள்ளில ரன்வே இருக்கு, எந்த எடம் பச்சை எந்த எடம் சிவப்புன்னு அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல பாத்துட்டுதான் எடம் புடிக்கணும்னு புதுசா வர்ற எத்தன பேருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பழகுற சிமுலேட்டர் பத்தி சொன்னீங்க, நன்றி, அதுலதான் கை திருந்துச்சு. ஆனா சிமுலேட்டர்ல கைரோ எப்பவுமே சரியாத்தாண்ணா இருக்கு, ப்ளேடு கோணத்த மாத்துற ஸ்வாஷ் தட்டு லெவலாத்தான் இருக்கு, ஸ்க்ரூ லூசாகி வர்றதில்ல, ஸ்க்ரூ கழலாம இருக்க லாக்டைட் பசை போட மறக்கறதுமில்ல. அங்க க்ராஷ் ஆனா ஒரு பட்டன அமுக்குனா புதுசு வந்துடுது.

அதனால கேக்கறது இதுதான். மாசத்துல ஒரு ஞாயிறு, நீங்க பறக்க விடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், புதுசா பெருசுக்கு மாறுறவங்க ஹெலிய மேசைல வெச்சு ஸ்வாஷ் லெவல், நடு குச்சில பிட்ச் ஜீரோ, கைரோ எந்தப் பக்கம், ஹோல்டு வேலை செய்யுதா, ப்ளேடு ரெண்டும் ஒரே மட்டத்துல சுத்துதான்னு பாத்துக் குடுங்க. அப்புறம் யாரையும் தனியாப் போக விடாதீங்க, மொதல் தடவ ஏத்தும்போது பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும். "போய் க்ராஷ் பண்ணு, அப்போதான் கத்துக்குவ"ங்கற டயலாக் சின்ன ஹெலிக்கு சரி, இதுக்கு வேணாம்ணா.

மடக்கு மேசையும் ப்ளேடு கோணம் அளக்கற பிட்ச் கேஜும் நான் கொண்டாறேன், டீக்கு ஃப்ளாஸ்கும். என் 450க்கு பார்ட்ஸெல்லாம் வந்துடுச்சு, மாட்டியும் முடிச்சுட்டேன். புது ப்ளேடு மட்டும் இன்னும் கவர் பிரிக்காம பையிலயே இருக்கு, நீங்க பாத்து சரின்னு சொன்ன பொறவுதான் பிரிப்பேன்.