சைஸ்களைப் பக்கவாட்டில் அடுக்காதீர்கள்: திருப்பூர் மெர்ச்சன்டைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெர்ச்சன்டைசிங், பேக்கிங், கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு,

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. நீங்கள் அனுப்பும் எக்ஸெல் ஷீட்டை வைத்துத்தான் நான் எதையும் சொல்ல முடியும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். சைஸ் பிரேக்கப்பை (எந்த சைஸில் எத்தனை பீஸ் என்ற கணக்கு) பதியும்போது எஸ், எம், எல் என்று ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு காலம் (column, மேலிருந்து கீழாக ஓடும் பத்தி) போடாதீர்கள். "சைஸ்" என்று ஒரே காலம், "பீஸ்" என்று இன்னொரு காலம், அவ்வளவு போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆர்டர் உறுதியான பிறகு பையர் எக்ஸ்எஸ் சைஸையும் சேர்த்தார். ஆர்டரைக் கவனித்த மெர்ச்சன்டைசர் எஸ்ஸுக்கு முன்னால் ஒரு காலத்தை நுழைத்தார்; அதில் அவர் தவறு எதுவும் இல்லை. ஆனால் கட்டிங் ஷீட்டில் இருந்த வீலுக்கப் (VLOOKUP, இன்னொரு அட்டவணையில் தேடி எண்ணை எடுத்துத் தருவது) ஃபார்முலா காலத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, எத்தனையாவது காலம் என்ற எண்ணை மட்டுமே பார்க்கும். எம் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்ஸின் எண்ணிக்கை வந்தது, எல்லுக்கு எம்மினுடையது வந்தது. எர்ரர் எதுவும் காட்டவில்லை. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி நிரம்பாதபோதுதான் தெரிந்தது. குறைந்த பீஸுக்காகத் துணியை மறுபடி சாயத்துக்கு அனுப்பினார்கள், ஷேடு ஒட்டவில்லை. அன்று டேபிளுக்கு முன்னால் நின்ற கட்டிங் மாஸ்டரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சைஸ்" ஒரே காலமாக இருந்திருந்தால் எக்ஸ்எஸ் கீழே சில வரிசைகளாகச் சேர்ந்திருக்கும். எந்த ஃபார்முலாவும் இடம் மாறியிருக்காது.

"அப்படிப் போட்டால் ஷீட் நீளமாகிவிடும், பையருக்கு எப்படிக் காட்டுவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 6 நிறம், 4 நாடு, 7 சைஸ் உள்ள ஆர்டர், பையர் தரும் வடிவத்தில் 24 வரிசையில் அடங்கும். நான் கேட்கும் வடிவத்தில் 168 வரிசை ஆகும். கண்ணால் பார்க்க அகலம் வசதி, கணக்குப் போட நீளம் வசதி. ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுக்கத்தான் எக்ஸெலில் பிவட் டேபிள் (நீளமான பட்டியலை வேண்டிய விதத்தில் கூட்டி அட்டவணையாகக் காட்டும் வசதி) இருக்கிறது. சைஸைக் காலம் பெட்டிக்கு இழுத்துவிட்டால் நீங்கள் பழகிய அதே பிரேக்கப் வந்துவிடும். நாட்டை அங்கே வைத்தால் ஷிப்மென்ட் கணக்கு, நிறத்தை வைத்தால் சாயப்பட்டறைக்கான கணக்கு. ஏதாவது எண் சந்தேகமாக இருந்தால் அதன் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். அது எந்தெந்த வரிசைகளிலிருந்து வந்தது என்று தனி ஷீட்டில் விரியும். மூலத் தரவை மாற்றினால் மட்டும் ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்காதீர்கள்.

நீளத்துக்கு இடமும் தாராளமாக இருக்கிறது. 2007 முதல் எக்ஸெலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை. பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) ஃபைலில்தான் 65,536-ஓடு நின்றுவிடும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் தினசரிக் கணக்கில் விடுபட்டதற்கு இந்தப் பழைய ஃபைல் வகையின் எல்லையே காரணமாகச் சொல்லப்பட்டது. நம்மில் பலர் பழைய டெம்ப்ளேட்டையே காப்பி எடுத்து ஓட்டுகிறோம். தயவுசெய்து எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் (.xlsx) சேமியுங்கள்.

பையர் அனுப்பும் ஷீட் அகலமாகத்தான் வரும், அதை நம்மால் மாற்ற முடியாது. அதைக் கையால் டைப் அடித்து மாற்றவும் வேண்டாம். வரிசையையும் காலத்தையும் இடம் மாற்றும் டிரான்ஸ்போஸும் இதற்கு உதவாது. அது படுத்திருப்பதை நிமிர்த்தும், அவ்வளவுதான். சைஸ்கள் அப்போதும் தனித்தனியாகவே நிற்கும். எக்ஸெலிலேயே தரவை மாற்றியமைக்க உள்ள பவர் க்வெரியில் ஸ்டைல், நிறம், நாடு ஆகிய காலங்களை மட்டும் தேர்ந்தெடுத்து "அன்பிவட் அதர் காலம்ஸ்" (மற்ற காலங்களை வரிசைகளாக இறக்கும் கட்டளை) கொடுங்கள். நாளைக்குப் பையர் இன்னொரு சைஸ் சேர்த்தாலும் அது தானாக உள்ளே வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனித்தாக வேண்டும். காலியாக விட்ட செல் அன்பிவட்டில் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும், 0 உதிராது. அந்த நாட்டுக்கு அந்த சைஸ் வேண்டாம் என்றால் 0 என்று போடுங்கள். காலியாக இருந்தால், பையர் வேண்டாம் என்றாரா, இன்னும் சொல்லவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நிறத்தின் பெயரை நான்கு வரிசைக்கு மெர்ஜ் செய்வதையும் விட்டுவிடுங்கள்; எக்ஸெலைப் பொறுத்தவரை பெயர் முதல் வரிசையில் மட்டும்தான் இருக்கிறது, ஃபில்டர் போட்டால் மற்ற மூன்றும் காணாமல் போகும். நடுநடுவே போடும் "டோட்டல்" வரிசையும் வேண்டாம். அதையும் சேர்த்துக் கூட்டி, பீஸ் கணக்கு இரட்டிப்பாகி வந்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கையில் இருக்கும் பழைய ஆர்டர்களைத் தொட வேண்டாம். அடுத்துத் திறக்கும் ஒரே ஒரு புது ஸ்டைலை மட்டும் இப்படிப் பதிந்து பாருங்கள். எங்காவது சிக்கினால் ஷீட்டோடு என் மேசைக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே மாற்றுவோம். சனிக்கிழமை மதியம் என்றால் எனக்கு வசதி, அன்று ஷிப்மென்ட் நெருக்கடி கொஞ்சம் குறைவு.

அன்புடன்,
உங்கள் ஷீட்டுகளோடு வாழும் ஒரு ரிப்போர்ட்காரன்