தரங்கம்பாடிக் கடிதங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனின் ஜெர்மானியப் பாதிரிமார்களான சீகன்பால்குவும் கிரண்ட்லரும் கேட்ட கேள்விகளுக்கு 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய மறுமொழிகளாக 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. தமிழ் மூலம் நம் கைக்குக் கிடைக்காததால், அவற்றுள் இருபது கடிதங்களை ஜெர்மனிலிருந்து மறுபடியும் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினேன். மூன்று ஆண்டுகள் இழுத்த அந்த வேலை சென்ற மாதம் முடிந்தது. நூலின் அட்டையில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி எனக்கு ஜெர்மன் கற்பித்த ஆசிரியருக்கு. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அச்செழுத்தில் 'எஸ்' எழுத்தும் 'எஃப்' எழுத்தும் ஒரு சிறு கோட்டால் மட்டுமே வேறுபடும். அது தெரியாமல் ஒரு பக்கம் முழுவதையும் தப்பாகப் படித்துவிட்டு, அகராதியில் சொல்லே இல்லை என்று நான் குறைப்பட்டபோது, அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினாரே தவிர ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

தரங்கம்பாடியில் எனக்குத் தங்க இடமும் சோறும் தந்த குடும்பத்தாருக்கும், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் என்னை ஒரு பகல் முழுவதும் இருக்கவிட்ட பெரியவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எழுபது வயது தமிழ் வாத்தியார் ஒருவர் தம் பள்ளிக்கூடத்தையே சீகன்பால்குவின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்ததையும், அந்த வெள்ளைக்காரர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியதையும், பக்கத்து வீட்டுச் செய்தி போல அந்தப் பெரியவர் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

என் முன்னுரையைப் பென்சில் குறிப்புகளால் நிறைத்துத் திருப்பியனுப்பிய தோழிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் நான் சீகன்பால்குவைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன். ஐரோப்பியர் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணுவது தவறென்று அவர் எழுதினார் என்பதும், 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனாக்கினார் என்பதும் உண்மையே. ஆனால் 1713இல் 'அக்கியானம்' (கிறிஸ்தவரல்லாதாரின் வழிபாட்டுக்கு மிஷனரிகள் வைத்த பெயர்) எவ்வளவு அருவருப்பானது என்று தமிழில் துண்டு நூல் அச்சிட்டவரும் அவரேதான். அதே ஆண்டில் அவர் நம் தெய்வங்களைப் பற்றி எழுதியனுப்பிய நூலை, அக்கியானத்தை வேரறுக்கப் போனவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்று மிஷனுக்குத் துணை நின்ற ஹாலே நகரப் பாதிரியார் ஃபிராங்கே அச்சேற்ற மறுத்தார். அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதச் சொன்னவர் தோழி. "கேள்வி கேட்டவர் யார், பதிலைப் பொறுக்கி அச்சுக்கு அனுப்பியவர் யார் என்பதை வாசகருக்குச் சொல்லாமல் விடாதே" என்பது அவருடைய குறிப்புகளில் ஒன்று.

ஜெர்மன் அச்சில் வரும் 'மலபார்க்காரர்' என்ற சொல்லை என்ன செய்வது என்பதில் என் தமிழாசிரியருக்கும் எனக்கும் ஒரு மாதம் வழக்கு நடந்தது. ஐரோப்பியர் அன்று தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். எழுதியவர் தம்மை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். 'தமிழர்' என்று மாற்றிவிடலாம் என்றேன் நான். மாற்றினால் மொழிபெயர்த்தவரின் கை பட்ட இடம் தெரியாமல் போய்விடும் என்றார் ஐயா. அவர் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

கடைசியாக, இந்த மடலைப் படிக்க முடியாதவர்களுக்கு. ஜெர்மன் ஏடுகளில் 'அலெப்பா' என்று வரும் அழகப்பன், பல மொழி தெரிந்த துபாஷி. இக்கடிதங்களில் பெரும்பங்கு அவர் கைப்பட எழுதியதே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மற்றவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. கிறிஸ்தவத்தை ஏன் இகழ்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் பசுவைத் தின்கிறீர்கள், குடித்து வெறிக்கிறீர்கள், சுத்தம் பேணுவதில்லை என்று, டேனிஷ் கோட்டை இருந்த ஊரில் அந்தப் பாதிரிமார்களுக்கே கூசாமல் பதில் எழுதியவர் யாரென்று தெரிந்திருந்தால், அவர் பெயரைத்தான் இந்த மடலின் தலைப்பில் எழுதியிருப்பேன்.

உங்கள் எல்லோருக்கும் இரண்டிரண்டு படிகள் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிழை கண்டால் ஓரத்திலேயே குறித்துத் திருப்பியனுப்புங்கள். அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன்.

நன்றியுடன்,
மொழிபெயர்ப்பாளன்