சாட்சிக்கு நிற்பவன்

அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் அம்மா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய உன் நாவலின் ஆறு அத்தியாயங்களையும் இரண்டு முறை வாசித்துவிட்டேன். 1874ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் லூப் ஆற்றுப் பக்கத்தில் கணவனை அடக்கம் பண்ணிவிட்டுத் தனியே வீடு திரும்புகிற அந்தப் பெண் என் மனத்தை விட்டு அகலவில்லை. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய வீட்டில், கூரைப் புழுதி உணவில் விழாதபடி அவள் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டுவதையும், விறகு கிடைக்காத அந்தச் சமவெளியில் காய்ந்த புல்லை முறுக்கி அடுப்பில் இடும்போது அவள் உள்ளங்கை கீறிப்போவதையும் கண்முன் நிறுத்தியிருக்கிறாய்.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் கதையின் அச்சாணியே கழன்றிருக்கிறது. கணவன் இறந்ததால் நிலம் கைவிட்டுப் போகிறது, ஒதுங்க இடமில்லாமல் பக்கத்து நிலத்துக்காரனை மணக்கச் சம்மதிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் அவளை அப்படிக் கைவிடவில்லை. 160 ஏக்கரில் 5 ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்குப் பட்டா உண்டு. பதிந்தவர் இடையில் இறந்துபோனால், அவருடைய விதவை மீதி ஆண்டுகளை நிறைவுசெய்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். கணவன் 1871இல் பதிந்தான் என்று நீயே எழுதியிருப்பதால், இன்னும் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தால் அந்த நிலம் அவளுடையது.

1979இல் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நாவலிலும் ஒரு இளம் விதவை புகலிடத்துக்காகவே மறுமணம் செய்துகொள்கிறாள். அங்கே கணவன் ஒரு நிலத்தில் ஊன்றுவதற்கு முன்பே இறந்துவிடுவதால் அது பொருந்துகிறது. உன் கதாநாயகிக்கோ வீடும் நிலமும் இருக்கின்றன, தானியம்தான் இல்லை. அந்தக் கோடையில் வெட்டுக்கிளிகள் வந்து வயலைத் தின்றுதீர்த்ததை நீ ஒரே பத்தியில் கடந்துவிட்டாய். வெட்டுக்கிளிகளின் அழிவைச் சொல்லும் வேதாகமத்தின் யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பெண், வெட்டுக்கிளிகள் விட்டுப்போன மொட்டைத் தண்டுகளின் நடுவே நிற்கும்போது என்ன ஜெபிப்பாள் என்று தெரிந்துகொள்ளவே நான் பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஜெபத்தை எழுது. அதற்கு மறுநாளே பதில் வந்துவிட வேண்டாம்.

அவளுடைய துக்கத்தையும் அவசரப்படுத்தாதே, பாப்பா. உன் அப்பா போன பிறகு எத்தனையோ மாதங்கள் நான் இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றைத் திரும்பவும் அடுக்கில் வைத்திருக்கிறேன். உன் கதாநாயகியோ நான்காம் வாரத்திலேயே பக்கத்து நிலத்துக்காரனுடைய கண்களின் நிறத்தைக் கவனிக்கிறாள். முதலில் அவனுடைய நடத்தையைக் கவனிக்கட்டும்: கேட்காமலே கிணற்றுக் கயிற்றை மாற்றிவிட்டு, வாசலுக்குக்கூட வராமல் திரும்பிப் போகிறானா என்று பார்க்கட்டும்.

"ஆளில்லாத வெற்று நிலம்" என்ற வரியைத் தயவுசெய்து அடித்துவிடு. பாணி (Pawnee) என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் அந்த லூப் ஆற்றங்கரையில்தான் இருந்தது. நீ கதை நடத்தும் அந்த 1874ஆம் ஆண்டும் அதற்கடுத்த ஆண்டுமாக அவர்கள் அதைவிட்டு இன்றைய ஓக்லஹோமாப் பகுதிக்குப் போகும்படி ஆயிற்று. தேவனுக்குப் பயந்த உன் பெண் அவர்கள் போவதைப் பார்க்காதவள்போல் இருந்தால், அவளுடைய விசுவாசத்தை நான் எப்படி நம்புவேன்?

இனி அந்தப் பக்கத்து நிலத்துக்காரனுக்கு வருகிறேன். பட்டா பெற வேண்டுமானால், அவள் அங்கே குடியிருந்து பயிரிட்டாள் என்று நம்பத்தக்க இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வேதாகமத்தில், விதவையான ரூத்தின் கதையில் போவாஸ் ஊர்வாசலில் மூப்பர்களைச் சாட்சியாக வைத்து நிலத்தை மீட்டு, அவளை மனைவியாக்கிக்கொண்டான். உன்னுடையவன் அதை மாற்றிச் செய்யட்டும். 1876இல் அவன் நில அலுவலகத்தில் அவளுக்குச் சாட்சியாக நிற்கட்டும். அவன் சொல்லும் சொல்லால் நிலம் அவளுடையதாகும், பிழைப்புக்காக அவனை மணக்க வேண்டிய தேவை அவளுக்கு இராது. அது தெரிந்தே அவன் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சை அவளே எடுக்கட்டும், அதுவும் வீடு திரும்பும் வழியில்.

நீ இருக்கும் லிங்கனிலிருந்து பியாட்ரிஸ் ஊர் தொலைவில்லை. முதன்முதலில் நிலம் பதிந்தவர்களுள் ஒருவரான டேனியல் ஃப்ரீமனின் நிலத்தை அங்கே நினைவிடமாக வைத்து, பழைய புல்வெளியையும் மீண்டும் வளர்த்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய், அந்தப் புல் உன் இடுப்பு வரை வருகிறதா, தோள் வரை வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் ஏழாம் அத்தியாயத்தைத் தொடங்கு.

அன்புடன்,
அம்மா