டிரெஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டது. படிப்பு நன்றாகப் போகிறது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் அனுப்பிய தேவாலயப் படத்தைப் பார்த்துவிட்டு, "சுவரில் ஏன் அங்கங்கே கறுப்புக் கல் தெரிகிறது, பூச்சு உரிந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தீர்கள். காலமெல்லாம் உளி பிடித்த உங்களுக்கு அதைப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை.

அந்தக் கோயிலின் பெயர் ஃபிராவன்கிர்க்கே. 1726 இல் தொடங்கி 1743 இல் கட்டி முடித்தார்கள். கட்டியவர் கியோர்க் பேர், நகரசபையில் தலைமைத் தச்சராக இருந்தவர். மரம் இழைத்த கை, மேலே அத்தனை பெரிய குவிமாடத்தை முழுக்க முழுக்கக் கல்லில் எழுப்பியிருக்கிறது! வேலை முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1738 இலேயே காலமாகிவிட்டார். 1760 இல் அண்டை நாடான பிரஷ்யாவின் படை பீரங்கியால் சுட்டும் அந்தக் குவிமாடம் அசையவில்லை.

அதை வீழ்த்தியது நெருப்பு. இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 13 இரவு ஆங்கிலேய விமானங்கள் குண்டு போட்டன, மறுநாள் அமெரிக்க விமானங்கள் வந்தன. சுமார் 25,000 பேர் மாண்டார்கள். ஊரே எரிந்தபோதும் கோயில் நின்றது. ஆனால் உள்ளே பற்றிய தீயில் குவிமாடத்தைத் தாங்கிய எட்டு மணற்கல் தூண்களும் வெந்து வலுவிழந்தன. 15 ஆம் தேதி காலையில் மொத்தமும் சரிந்து விழுந்தது. கல் சூட்டில் எப்படி உள்ளுக்குள் விண்டுபோகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது நடு ஊரில் கற்குவியலாகவே கிடந்தது. இரு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகுதான் மீண்டும் கட்ட வழி பிறந்தது. 1993 இல் குவியலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அப்பா. ஜேசிபி வைத்து வாரிக் கொட்டவில்லை. ஒவ்வொரு கல்லையும் எடுத்து, அளந்து, படம் பிடித்து, எண் போட்டு அடுக்கினார்கள். குவியலில் எங்கே கிடந்தது என்பதையும் பழைய புகைப்படங்களையும் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்து, அது சுவரில் எந்த இடத்துக் கல் என்று தேடினார்கள். இடம் தெரிந்து, உறுதியாகவும் இருந்த ஆயிரக்கணக்கான கற்களைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். நீங்கள் பார்த்த கறுப்புக் கற்கள் அவைதான்.

கறுப்பு என்றால் எரிந்த கரி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இந்த ஊர் மணற்கல்லில் இரும்பு இருக்கிறது. வெட்டும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும் கல், காற்றும் மழையும் பட்டுப் பட்டுத் தானே கறுத்துவிடுகிறதாம். புதுக் கல்லும் காலப்போக்கில் அந்த நிறத்துக்கு வந்துவிடும்.

பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். பழைய கல்லின் விளிம்பு மழுங்கி, மூலையில் சில்லு போயிருக்கிறது. அதை ஒட்டி வைத்த புதுக் கல் கத்தி போல் நேராக நிற்கிறது. உடைந்ததை மறைக்கவும் இல்லை, புதியதைப் பழையது போல் வேஷம் போடவும் இல்லை.

உச்சியில் உள்ள பொற்சிலுவை இங்கிலாந்து மக்கள் கொடுத்தது. செய்த பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, அந்த இரவு இந்த ஊர்மேல் குண்டு போட வந்த விமானிகளில் ஒருவர். இதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இடிபாட்டில் நசுங்கிக் கிடைத்த பழைய சிலுவையைக் கோயிலுக்குள் வைத்திருக்கிறார்கள். 2005 அக்டோபர் 30 அன்று கோயிலைத் திறந்தார்கள்.

மேலே ஏறியும் பார்த்தேன். குவிமாடம் இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றிச் சாய்தளம் போகிறது. 67 மீட்டர் உயரத்தில் நின்றால் எல்பே ஆறும் ஓபரா மாளிகையும் தெரிகின்றன. அரண்மனைச் சுவரில் மன்னர்களின் ஊர்வலத்தை 102 மீட்டர் நீளத்துக்குப் பீங்கான் ஓடுகளில் தீட்டியிருக்கிறார்கள். அவ்வளவு நெருப்பிலும் அது பெரும்பாலும் தப்பிவிட்டது. அதைப் பற்றி அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் கோயில் திருப்பணிக் கூட்டம் எப்போது? மண்டபத் தூண்களை மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு வேண்டாம், உளி பட்ட தழும்பெல்லாம் போய்விடும் என்று சென்ற முறை நீங்கள் மன்றாடியும் யாரும் காது கொடுக்கவில்லை. இந்தப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். கீழே விழுந்து கிடக்கும், தூண் உச்சியில் இருந்த அந்தப் போதிகைக் கல்லையும் யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையாலேயே அதற்கு ஓர் எண் எழுதிவையுங்கள்.

உங்கள் அன்பு மகள்