அவளே கண்டுபிடித்திருக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்துகொண்டிருந்த ஏற்காட்டுத் தொடர்கதை போன வாரம் முடிந்துவிட்டது. இந்த வாரக் கடிதங்களில் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். நானும் இதழ் கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். ஆனால் முடிவு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய காபித் தோட்டம் ஒன்றுக்கு ரைட்டர், அதாவது குமாஸ்தா, வேலைக்கு ஒருவன் வருகிறான். சென்னைக்காரன், மலையே புதுசு என்கிறான். உண்மையில் அந்தத் தோட்டத்தை ஏமாந்து இழந்த குடும்பத்துப் பிள்ளை. வேறு பெயரில் வந்து பழைய பத்திரத்தைத் தேடுகிறான். தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மேஸ்திரியின் மகள் ஆபீசில் கணக்கு எழுதுகிறாள், அவனை விரும்புகிறாள். ராத்திரியில் பீரோவைத் திறப்பது யார் என்று அவளும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தோம். "சொத்தை மீட்கத்தானே பொய் சொன்னான், அதில் என்ன தப்பு" என்பது நாத்தனார் கட்சி. "பெயரையே மாற்றிச் சொன்னவனை எப்படிம்மா நம்பிக் கழுத்தை நீட்டுவது" என்கிறாள் என் மகள். எனக்கு அவன் சொன்ன பொய்கூடப் பெரிதாகப் படவில்லை. அவளுக்கு உண்மை தெரியவரும் விதம்தான் பொறுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொல்ல, இவள் அழுகிறாள். அடுத்த பத்தியில் மன்னித்தும் விடுகிறாள்.

என் அப்பாவும் ஏற்காட்டில் மேஸ்திரியாக இருந்தவர். பத்தாவது படிக்கும்வரை தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில்தான் வளர்ந்தேன். காபிச் செடியில் மொட்டு கட்டி, அரிசி மணி மாதிரி மழைக்காகக் காத்துக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று விழ வேண்டும். விழுந்துவிட்டால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல வாசம் வீசும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும். மழை பெய்த மறுநாள் விடியலில் அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்குவார். ஒவ்வொரு கிளையாகத் தூக்கி மொட்டை விரலால் தடவிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து காலண்டரில் ஒரு தேதியைச் சுழிப்பார். அந்தத் தேதி தப்பி நான் பார்த்ததில்லை.

கதையில் இதே மழை வருகிறது. ஆபீஸ் வராண்டாவில் இருவரும் நனைந்துபோய் நிற்கிறார்கள். "இன்னும் பத்து நாளில் பாருங்கள், இந்த வாசத்தில் வேலையே ஓடாது" என்று அவன் சொல்லிவிடுகிறான். படித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காபிச் செடியையே இப்போதுதான் பார்க்கிறேன் என்றவனுக்குப் பத்து நாள் கணக்கு எப்படித் தெரியும்? கதாசிரியர் எவ்வளவு அழகாக வைத்த இடம்! ஆனால் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பெண் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போகிறாள். அப்புறம் கடைசிவரை அந்தப் பேச்சு அவள் நினைவுக்கே வரவில்லை.

அவன் யார் என்று எனக்கு முதல் வாரமே சந்தேகம்தான். சேலத்திலிருந்து ஏறும் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவன், 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்ததும் வெளியே பார்க்காமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறானே! அதனால் எனக்குச் சுவை குறையவில்லை. அவளுக்கு எப்போது தெரியும், தெரிந்தால் என்ன செய்வாள் என்ற தவிப்புதான் என்னை வாராவாரம் இழுத்தது.

நளன் கதையைப் பாருங்கள். சுயம்வரத்தில் தேவர்கள் நான்கு பேரும் நளனைப் போலவே வந்து உட்கார, கண் இமைப்பதையும் மாலை வாடியிருப்பதையும் கவனித்துத் தமயந்தி நிஜமானவனைத் தேர்ந்தெடுக்கிறாள். பிறகு அவன் உருமாறிச் சமையல்காரனாக வந்தபோதும் தோழியை அனுப்பிக் கவனிக்கச் சொல்கிறாள், பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கிறாள், அவன் சமைத்ததை வரவழைத்து ருசி பார்க்கிறாள். யாரும் வந்து அவளுக்கு விளக்கவில்லை. காதலிக்கிறவளுக்குத்தானே அந்தக் கண் இருக்கும்? நம் மேஸ்திரி மகளுக்கும் அது இருந்திருக்க வேண்டாமா? பத்தாம் நாள் பூத்த தோட்டத்தில் அவனை நிறுத்தி, "உங்களுக்கு இது யார் சொன்னது?" என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பிறகு மன்னிப்பதோ விலகுவதோ அவள் இஷ்டம்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். நிலா வெளிச்சத்தில் இருவரும் ஏரியில் படகில் போகிறார்கள். படகுத்துறையை மாலையிலேயே மூடிவிடுவார்கள். கரையில் நடக்க விட்டிருக்கலாம்.

கதை புத்தகமாக வரும்போது அந்தப் போலீஸ் ஸ்டேஷன் காட்சியை மட்டும் மாற்ற முடியுமா என்று கதாசிரியரிடம் தயவுசெய்து கேளுங்கள். நாத்தனாருக்கும் சேர்த்து இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.